ஜிமி ஹென்ட்ரிக்ஸின் நாலாவது ஆல்பம்

போன கல்ச்சுரல்ஸ்ல நம்ம காலேஜ் பேண்ட் மேடை ஏறினப்போ என்ன நடந்ததுன்னு நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். சொந்தமா ஒரு பாட்டு போட்டுட்டு வந்திருந்தாங்க. எப்பவும் வர்ற கிடார் சத்தத்தைக் குறைச்சு, கீபோர்டும் கஞ்சிராவும் சேர்த்து, கொஞ்சம் மெதுவான பாட்டு. ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. பின்வரிசையிலிருந்து வருஷா வருஷம் அவங்க வாசிக்கிற அதே பாட்டைக் கேட்டு கத்த ஆரம்பிச்சோம். "கத்த ஆரம்பிச்சாங்க"ன்னு எழுதினா அது பொய். நானும் கத்தினேன். அவங்க அந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்திட்டு, நாங்க கேட்டதை வாசிச்சாங்க. எல்லாரும் ஆடினோம்.

அதுக்கப்புறம் இந்த இதழுக்கு எழுதறதுக்காக ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பற்றிப் படிக்க ஆரம்பிச்சேன். கிடாரைக் கொளுத்தினவர், பல்லால வாசிச்சவர், 27 வயசுல செத்துப் போனவர். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். படிக்கப் படிக்க, கடைசி ரெண்டு வருஷம் அவரைப் போட்டு வாட்டின விஷயமே அந்தப் பின்வரிசைக் கத்தல்தான்னு புரிஞ்சது. அவர் தன் சத்தத்தையே மாத்த நினைச்சார். அதற்காக ஒரு ஸ்டூடியோவே கட்டினார். அது திறந்த 23-வது நாள் இறந்து போனார். அந்தக் கதைதான் இது.

துடைப்பமும் ஒற்றைத் தந்தியும்

1942 நவம்பர் 27-ம் தேதி அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தான் ஜிமி. அம்மா லூசிலுக்கு அப்போது வயது 17. அப்பா ஆல் ஹென்ட்ரிக்ஸ் ராணுவத்தில் இருந்தார், குழந்தை பிறந்தபோது ஊரில் இல்லை. முதலில் வைத்த பெயர் ஜானி ஆலன். அப்பா திரும்பி வந்த பிறகு ஜேம்ஸ் மார்ஷல் என்று மாற்றினார். பையனுக்கு நாலு வயசு ஆகுறதுக்குள்ள ரெண்டாவது பெயர்!

வீட்டில் வறுமை, குடி, சண்டை. அம்மாவும் அப்பாவும் பிரிந்தார்கள். பள்ளியில் ஜிமி ஒரு துடைப்பத்தைக் கிடார் மாதிரி பிடித்துக்கொண்டு திரிவானாம். அப்பாவுடன் ஒரு வீட்டில் குப்பை அள்ளப் போன இடத்தில் பழைய உகுலேலே ஒன்று கிடைத்தது. அதில் ஒரே ஒரு தந்திதான் மிச்சம். அந்த ஒற்றைத் தந்தியில் ரேடியோவில் கேட்ட பாட்டுகளைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தான். 1958-ல் அம்மா இறந்தார். அதே வருஷம் ஐந்து டாலருக்கு ஒரு பழைய கிடார் வந்தது. அடுத்த வருஷம் அப்பா ஒரு எலக்ட்ரிக் கிடார் வாங்கிக் கொடுத்தார்.

ஜிமி இடதுகைக்காரன். கடையில் கிடைப்பதெல்லாம் வலதுகைக் கிடார். அதனால் கிடாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தான். கடைசி வரை அவர் வழக்கம் அதுதான். இதில் ஒரு இன்ஜினியரிங் விஷயமும் இருக்கு. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிக்கப் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். கிடாரைத் திருப்பினால் அந்தச் சாய்வும் திரும்பிடும். தடித்த தந்திகளின் சத்தம் வழக்கத்தைவிடக் கூர்மையாகவும், மெல்லிய தந்திகளின் சத்தம் கொஞ்சம் மென்மையாகவும் வரும். காசில்லாம செய்த ஒரு ஏற்பாடு அவருக்குன்னு ஒரு சத்தத்தைக் கொடுத்துடுச்சு.

1961-ல் திருட்டுக் காரில் போய் போலீஸிடம் மாட்டினார். ஜெயிலா, ராணுவமா என்ற நிலை. ராணுவத்தைத் தேர்ந்தெடுத்தார். பாராசூட் படையில் பயிற்சி. கென்டக்கியில் இருந்த முகாமில் ஒரு நாள் அவர் வாசித்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகக் கேட்டு உள்ளே வந்தார் பில்லி காக்ஸ் என்ற இன்னொரு சிப்பாய். பில்லி பேஸ் கிடார் வாசிப்பார். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவார்.

ராணுவத்தில் ஒரு வருஷம்தான் தாக்குப்பிடித்தார். 1962-ல் வெளியே வந்து, கறுப்பின மக்களுக்கான கிளப்களில் ஊர் ஊராகப் போய் வாசித்தார். ஐஸ்லி பிரதர்ஸுக்கு வாசித்தார், லிட்டில் ரிச்சர்டுக்கு வாசித்தார். எல்லா இடத்திலும் பின்னால் நிற்கிற ஆள். ஒரே மாதிரி கோட், ஒரே மாதிரி அடி, பாடகரைவிட அதிகம் மின்னக் கூடாது.

1965 அக்டோபரில் எட் சால்பின் என்ற தயாரிப்பாளரிடம் மூன்று வருஷ ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டார். கைக்கு வந்தது ஒரு டாலர், பிறகு விற்பனையில் ஒரு சதவீதம். சரியாகப் படித்தாரா என்பதே சந்தேகம். ஆஃபர் லெட்டர்ல இருக்கிற பாண்டு பக்கத்தைப் படிக்காம சைன் பண்ற நமக்கெல்லாம் இது ஒரு பாடம். அந்தக் காகிதம் நாலு வருஷம் கழிச்சு வந்து அவர் கழுத்தைப் பிடிச்சது.

பாலிடெக்னிக்கில் ஒரு ராத்திரி

1966-ல் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில், கஃபே வா என்ற சின்ன இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே அவரைக் கேட்டவர் சாஸ் சாண்ட்லர். தி அனிமல்ஸ் பேண்டில் பேஸ் வாசித்துவிட்டு, இனி தயாரிப்பாளராகலாம் என்று முடிவு செய்திருந்தவர். செப்டம்பர் 24-ம் தேதி ஜிமியை லண்டனுக்குக் கூட்டிப் போனார்.

ஒரே வாரத்தில், அக்டோபர் 1-ம் தேதி, லண்டன் ரீஜென்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் க்ரீம் பேண்டின் கச்சேரி. ஆமாங்க, பாலிடெக்னிக்தான்! ராக் வரலாற்றின் பெரிய ராத்திரி ஒன்று நம்மள மாதிரி ஒரு காலேஜ் ஹாலில்தான் நடந்திருக்கு. க்ரீமின் கிடாரிஸ்ட் எரிக் கிளாப்டனை அப்போது லண்டன் இளைஞர்கள் சாமி அளவுக்குக் கொண்டாடினார்கள். அவர் மேடையில் ஏறி ஒரு பாட்டு வாசிக்க ஜிமி அனுமதி கேட்டார். ஹௌலிங் வுல்ஃபின் ஒரு ப்ளூஸ் பாட்டை ரெண்டு மடங்கு வேகத்தில் வாசித்தார். கிளாப்டன் பாதியில் கையை எடுத்துவிட்டு மேடையை விட்டுப் போனார்.

நோயல் ரெடிங் பேஸ், மிட்ச் மிட்செல் டிரம்ஸ், ஜிமி கிடாரும் பாட்டும். இப்படி மூன்றே பேருடன் உருவானது ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ். நோயல் உண்மையில் கிடாரிஸ்ட், வேலை கிடைக்குமேன்னு பேஸுக்கு மாறினவர். 1967 மே மாதம் முதல் ஆல்பம் 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு'. அதே டிசம்பரில் 'ஆக்ஸிஸ்: போல்டு ஆஸ் லவ்'. 1968 அக்டோபரில் இரட்டை ஆல்பமாக 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்'. ஒன்றரை வருஷத்துக்குள்ள மூணு ஆல்பம்! அவர் உயிரோடு இருந்தபோது வெளியான ஸ்டூடியோ ஆல்பங்கள் இந்த மூன்றுதான்.

நம்ம லேபில் இருக்கும் ஹென்ட்ரிக்ஸ்

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியே ஆகணும். ஈசிஇ, ஈஈஈ ஆட்கள் ரொம்ப ரசிப்பாங்க.

ரோஜர் மேயர் என்று ஒருவர். பிரிட்டிஷ் கடற்படைத் துறையில் ஒலி ஆய்வு செய்துகொண்டிருந்தவர். ஓய்வு நேரத்தில் கிடாரிஸ்டுகளுக்கு டப்பா டப்பாவாக சர்க்யூட் செய்து கொடுப்பார். ஜிமிக்கு அவர் கொடுத்தது ஆக்டேவியா. வாசிக்கும் சுரத்துக்கு மேல் அதே சுரத்தின் அடுத்த ஸ்தாயியும் சேர்ந்து ஒலிக்கும். அதன் அடிப்படை என்ன தெரியுமா? ஃபுல் வேவ் ரெக்டிஃபயர். ஃபர்ஸ்ட் இயர் லேபில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்து, வெளியே வர்ற ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ்னு ரெக்கார்டு நோட்டில் வரைந்தோமே, அதேதான். அலையின் கீழ்ப்பாதியை மேலே மடக்கினால் அதிர்வெண் இரட்டிப்பாகும். அதிர்வெண் இரட்டித்தால் ஒரு ஸ்தாயி மேலே. 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டின் சோலோவில் கேட்பது இதுதான். நமக்கு ரெண்டு மார்க் வைவா கேள்வி, அவருக்கு ஒரு புது வாத்தியம்.

ஃபஸ் ஃபேஸ் என்ற பெடல் வெறும் ரெண்டு டிரான்சிஸ்டர். சிக்னலை அளவுக்கு மேல் பெருக்கி, அலையின் தலையை வெட்டிவிடும். கிளிப்பிங். அப்போது வந்தது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், அறையின் வெப்பம் மாறினால் அதன் குணமும் மாறும். அப்புறம் ஃபீட்பேக். ஸ்பீக்கர் முன்னால் கிடாரைப் பிடித்தால், ஸ்பீக்கர் சத்தம் தந்தியை அதிர வைக்கும், அந்த அதிர்வு திரும்ப ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். லூப் கெயின் ஒன்றுக்குக் குறையாமல், ஃபேஸ் பொருந்தி வந்தால் ஆசிலேட்டர். பார்க்ஹாசன் விதி. எல்லாரும் ஓடிப் போய் வால்யூமைக் குறைக்கும் அந்தக் கீச்சுச் சத்தத்தை, ஜிமி நிற்கும் இடத்தையும் கிடாரின் கோணத்தையும் மாற்றி மாற்றி ஒரு சுரமாக நிறுத்தினார்.

இவ்வளவு இருந்தும் கூட்டம் பேசியது வேறு ஒன்றைப் பற்றி. 1967 ஜூன் 18, கலிஃபோர்னியாவின் மான்டரே இசை விழா. கச்சேரி முடிவில் ஜிமி கிடார் மேல் லைட்டர் திரவம் ஊற்றிக் கொளுத்தினார். அதன் பிறகு அமெரிக்கா முழுக்க அவர் பெயர் தெரிந்தது. ஆனா போற இடமெல்லாம் ஜனங்க அந்த நெருப்பை எதிர்பார்த்தாங்க.

நிறுத்தின பாட்டு

'எலக்ட்ரிக் லேடிலேண்ட்' செய்யும்போதே மாற்றம் தொடங்கிவிட்டது. லண்டனில் முதல் ஆல்பங்களுக்குக் கிடைத்தது 4 ட்ராக் டேப். நியூயார்க் ரெக்கார்டு பிளான்ட்டில் 12, பிறகு 16 ட்ராக். ஜிமி மணிக்கணக்கில் ஸ்டூடியோவில் உட்கார்ந்தார். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்தார். நண்பர்கள் கூட்டம் உள்ளேயே குடியிருந்தது. 15 நிமிஷப் பாட்டு ஒன்றில் ஸ்டீவ் வின்வுட் ஆர்கன் வாசித்தார். பாப் டிலனின் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' பாட்டில் ஜிமியே பேஸும் வாசித்தார். சட்டுபுட்டுன்னு வேலையை முடிக்கும் பழக்கமுள்ள சாஸ் சாண்ட்லர் பொறுமை இழந்து விலகினார். நோயல் அடிக்கடி கோபித்துக்கொண்டு வெளியே போனார். ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பேண்ட் மட்டும் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தது.

1969 ஜனவரி 4. பிபிசியில் பாடகி லூலுவின் நேரலை நிகழ்ச்சி. ஜிமி தன் முதல் ஹிட்டான 'ஹே ஜோ'வை வாசிக்க வேண்டும். வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். க்ரீம் பேண்ட் அப்போதுதான் கலைந்திருந்தது. அவர்களுக்கு மரியாதையாக அவர்களுடைய பாட்டு ஒன்றை வாசிக்க ஆரம்பித்தார். நிகழ்ச்சி நேரம் தாண்டிப் போனது, மேடைக்குப் பக்கத்தில் தயாரிப்பாளர் தவித்தார், ஜிமி நிறுத்தவில்லை. ரெண்டு வருஷமா தினமும் வாசிச்ச ஒரு பாட்டை ஒரு மனுஷன் நாடே பார்க்கும்போது கீழே வெச்சுட்டார். இதை முதல் தடவை படிச்சப்போ எனக்கு நம்ம பேண்ட்தான் ஞாபகம் வந்தது. அவங்களும் ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்தினாங்க. ஆனா அவங்க நிறுத்தினது புதுப் பாட்டை.

அந்த ஜூன் மாதம் டென்வர் கச்சேரியோடு நோயல் விலகினார். எக்ஸ்பீரியன்ஸ் முடிந்தது. ஜிமி தேடிப் பிடித்தது பழைய ராணுவ நண்பர் பில்லி காக்ஸை. ஆகஸ்ட் 18, உட்ஸ்டாக். அங்கே அவருடன் வந்தது மூணு பேர் பேண்ட் இல்லை. இன்னொரு கிடாரிஸ்ட், ரெண்டு தாளக் கலைஞர்கள் என்று பெரிய குழு. விழா ஞாயிற்றுக்கிழமை முடிந்திருக்க வேண்டும், மழையும் குழப்பமுமாக இழுத்து, ஜிமி மேடை ஏறியபோது திங்கட்கிழமை காலை. நாலு லட்சம் பேர் இருந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் முன்னால் அவர் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார், நடுவே குண்டு விழும் சத்தமும் அலறலும் கிடாரிலேயே. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு டாலர் திரும்பி வந்தது

இந்த நேரத்தில்தான் 1965-ல் போட்ட கையெழுத்து வந்து நின்றது. எட் சால்பினுடன் நடந்த வழக்கைத் தீர்க்க, ஜிமி ஒரு முழு ஆல்பத்தைத் தர வேண்டும் என்றானது. பில்லி காக்ஸ் பேஸ், பட்டி மைல்ஸ் டிரம்ஸ் என்று பேண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ். 1969 டிசம்பர் 31, 1970 ஜனவரி 1, நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் நாலு கச்சேரி. அந்தப் பதிவுகளிலிருந்து ஒரு ஆல்பம் வெளியானது.

கடனைக் கழிக்கத்தான் இந்த ஆல்பம். ஆனா அதில்தான் அவர் எங்கே போகப் பார்த்தார் என்பது முதல் முறையாகத் தெளிவாகத் தெரியும். மிட்ச் மிட்செல் டிரம்ஸ் ஜாஸ் மாதிரி, எல்லாப் பக்கமும் தெறிக்கும். பட்டி மைல்ஸ் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்பார். கீழே தாளம் அசையாமல் இருப்பதால் மேலே கிடாருக்குக் கதை சொல்ல இடம் கிடைத்தது. 'மெஷின் கன்' என்ற 12 நிமிஷப் பாட்டைக் கேளுங்க. யூனி வைப் என்ற ஜப்பான் கருவி அதில் இருக்கு. உள்ளே ஒரு சின்ன பல்பு துடிக்கும், சுற்றி நாலு எல்டிஆர், வெளிச்சம் மாற மாற சத்தத்தின் ஃபேஸ் நகரும். சத்தமே தண்ணிக்குள்ள அசையிற மாதிரி இருக்கும். அதற்குள் போர்க்களம் ஒன்றை அவர் கொண்டு வந்தார்.

அந்த பேண்டும் நிலைக்கவில்லை. ஜனவரி 28-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரெண்டு பாட்டோடு ஜிமி மேடையை விட்டு இறங்கினார். அதோடு கலைந்தது. மிட்ச் திரும்பி வந்தார், பில்லி இருந்தார். மூணு பேராக மறுபடி டூர். ஏன்னா பணம் வேணும். அவர் ஒரு ஸ்டூடியோ கட்டிக்கொண்டிருந்தார்.

ஆற்றின் மேல் ஸ்டூடியோ

கிரீன்விச் வில்லேஜில் 52 வெஸ்ட் எட்டாவது தெரு. அங்கே மூடிப் போன ஒரு கிளப்பை ஜிமியும் மேனேஜர் மைக்கேல் ஜெஃப்ரியும் 1968-ல் வாங்கினார்கள். முதலில் அதைக் கிளப்பாகவே நடத்துவதுதான் திட்டம். அவருடைய ரெக்கார்டிங் இன்ஜினியர் எடி கிரேமர்தான் ஸ்டூடியோ கட்டுங்கள் என்று வற்புறுத்தினார். வெளி ஸ்டூடியோக்களுக்கு ஜிமி கொட்டிக் கொடுத்த வாடகையைப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது.

வடிவமைத்தவர் ஜான் ஸ்டோரிக். அப்போது அவருக்கு 22 வயது, ஸ்டூடியோ எதையும் கட்டியதில்லை. நம்ம வயசுதான்! சிவில் ஆட்களுக்கு ஒரு செய்தி: அந்தக் கட்டடத்துக்கு அடியில் மினெட்டா என்ற பழைய ஓடை ஓடுகிறது. தோண்டத் தோண்டத் தண்ணீர். வெள்ளம் புகுந்தது, பம்புகள் ஓயாமல் ஓட வேண்டியிருந்தது, அந்த பம்பு சத்தம் ரெக்கார்டிங்கில் விழாமல் தடுக்க வேண்டியிருந்தது. பணம் தீரும்போதெல்லாம் வேலை நிற்கும், ஜிமி டூர் போய்ச் சம்பாதித்து வந்தால் மறுபடி தொடங்கும். கடைசியில் ரெக்கார்டு கம்பெனியிடம் கடன் வாங்கினார்கள். மொத்தச் செலவு சுமார் பத்து லட்சம் டாலர்.

சிக்கல் புரியுதா? புதுச் சத்தத்துக்கு ஸ்டூடியோ வேணும். ஸ்டூடியோவுக்குப் பணம் வேணும். பணத்துக்கு டூர் போகணும். டூரில் ஜனங்க கேட்கிறது பழைய சத்தம். அதாவது பழைய ஜிமி சம்பாதித்துப் போட்டால்தான் புது ஜிமி பிறக்க முடியும்.

1970 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கட்டட வேலை முழுதாக முடிவதற்கு முன்பே, அங்கே பதிவு செய்தார். ஆகஸ்ட் 26-ல் எலக்ட்ரிக் லேடி ஸ்டூடியோ முறைப்படி திறக்கப்பட்டது. உடனே இங்கிலாந்துக்குக் கிளம்பினார், ஐல் ஆஃப் வைட் விழாவுக்கு. தன் ஸ்டூடியோவுக்கு அவர் திரும்பி வரவே இல்லை.

ஐரோப்பா டூர் மோசமாகப் போனது. பில்லிக்கு உடம்பு சரியில்லாமல் ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. செப்டம்பர் 6, ஜெர்மனியின் ஃபெமார்ன் தீவு, அதுதான் கடைசி மேடை. செப்டம்பர் 18-ம் தேதி லண்டனில் இறந்தார். அளவுக்கு மேல் தூக்க மாத்திரை, மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயை அடைத்தது. விசாரணை அதிகாரி முடிவு எதுவும் சொல்லாமல் திறந்த தீர்ப்பாக விட்டார். தூங்க முடியாத ஒரு களைத்துப் போன ஆள். அந்த மரணத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட மர்மக் கதைகளில் எனக்கு ஆர்வம் இல்லை. அவருக்கு வயது 27.

நாலாவது ஆல்பம்

சரி, அது எப்படி இருந்திருக்கும்? யூகம்தான், ஆனா ஆதாரம் இல்லாத யூகம் இல்லை.

முதல் ஆதாரம், எலக்ட்ரிக் லேடியில் அவர் செய்து வைத்த பாட்டுகள். 'ஃப்ரீடம்', 'டாலி டேக்கர்', 'நைட் பேர்ட் ஃப்ளையிங்', 'ஏஞ்சல்'. இவற்றில் ஃபஸ் குறைவு. ஒரு கிடார் கத்துவதற்குப் பதில் நாலைந்து கிடார்கள் ஒன்றை ஒன்று தொட்டுப் பேசுகின்றன. தாளம் ஃபங்க் பக்கம் சாய்கிறது. 'ஏஞ்சல்' ரொம்ப மென்மையான பாட்டு, கனவில் அம்மாவைக் கண்டதிலிருந்து வந்தது என்பார்கள்.

ரெண்டாவது, அவர் யாருடன் சேர நினைத்தார் என்பது. 1969 அக்டோபரில் ஜிமி, டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ், டிரம்மர் டோனி வில்லியம்ஸ் மூவரும் சேர்ந்து ஒரு ஆல்பம் செய்யலாம், பேஸ் வாசிக்க வர முடியுமா என்று கேட்டு பால் மெக்கார்ட்னிக்குத் தந்தி போனது. மெக்கார்ட்னி விடுமுறையில் இருந்ததால் அது நடக்கவில்லை. அப்புறம் ஜாஸ் இசையமைப்பாளர் கில் எவன்ஸுடன் சந்திப்புக்கு ஏற்பாடாகியிருந்தது, அதற்குள் ஜிமி இறந்துவிட்டார். 1974-ல் எவன்ஸ் தன் பெரிய வாத்தியக் குழுவை வைத்து ஜிமியின் பாட்டுகளை மட்டும் கொண்டு ஒரு ஆல்பம் செய்தார். ஜிமி கடைசிப் பேட்டிகளில் பெரிய குழுவுக்கு இசை எழுத வேண்டும் என்ற ஆசையைச் சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் அவருக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது.

மூணாவது, என் சொந்த ஆசையும் இதில் கலந்திருக்கு. 1969-ல் ரெக்கார்டு பிளான்ட்டில் ஜிமியுடன் ஒரு ராத்திரி சேர்ந்து வாசித்தவர் ஜான் மெக்லாக்ளின். அதே மெக்லாக்ளின்தான் சில வருஷம் கழித்து நம்ம வயலின் எல்.சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேனுடன் 'சக்தி' தொடங்கினார். எலக்ட்ரிக் கிடாரின் இரைச்சலிலிருந்து கிளம்பின ஒருத்தர் கடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆறேழு வருஷம்தான் ஆச்சு. ஜிமிக்கு அந்த ஆறு வருஷம் கிடைச்சிருந்தா?

இதுக்கு எதிர்ப் பக்கமும் உண்டு. புது ஆல்பம் சுமாராகவும் வந்திருக்கலாம். முடிக்கத் தெரியாமல் இழுப்பது அவர் பழக்கம். பாட்டுகளை எழுதி வைத்த பட்டியல் இருக்கு, ஆனா அது ஒரு தட்டா, ரெண்டா, மூணா என்றே அவர் முடிவு செய்யவில்லை. சத்தம் மாத்தின எல்லா பேண்டும் ஜெயிச்சதில்லை. ஆனா தோற்பதற்கான உரிமைகூட அவருக்குக் கிடைக்கலை என்பதுதான் வருத்தம்.

அவர் போன பிறகு மத்தவங்க அவர் சத்தத்தை மாத்தினாங்க. 1971-ல் எடி கிரேமரும் மிட்ச் மிட்செலும் 'தி க்ரை ஆஃப் லவ்' என்ற ஆல்பத்தை ஒழுங்காக முடித்து வெளியிட்டார்கள். ஆனா 1975-ல் வந்த 'க்ராஷ் லேண்டிங்'கில், ஜிமியுடன் உண்மையில் வாசித்தவர்களின் பகுதிகளை நீக்கிவிட்டு, அவரைப் பார்த்தே இராத ஆட்களை வைத்துப் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். வாழும்போது எந்த பேண்டுடன் வாசிக்கணும்னு மற்றவர்கள் சொன்னார்கள், செத்த பிறகும் மற்றவர்களே முடிவு செய்தார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு 1995-ல்தான் உரிமை அப்பா ஆல் கைக்கு வந்தது. 1997-ல் குடும்பம் 'ஃபர்ஸ்ட் ரேஸ் ஆஃப் தி நியூ ரைசிங் சன்' என்ற பெயரில் அந்த நாலாவது ஆல்பத்தை முடிந்தவரை அவர் எண்ணப்படி தொகுத்து வெளியிட்டது. ஜிமி இறந்து 27 வருஷம் ஆகியிருந்தது, அவர் வாழ்ந்த அதே அளவு.

எலக்ட்ரிக் லேடி இன்னும் அதே தெருவில் இயங்குகிறது. வேறு யார் யாரோ அங்கே போய்த் தங்கள் சத்தத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு மணி நேரம் இருந்தா இப்படிக் கேட்டுப் பாருங்க. முதல்ல 'பர்ப்பிள் ஹேஸ்'. அடுத்து ஹெட்போன் போட்டு, லைட் அணைச்சு 'மெஷின் கன்'. கடைசியா 'நைட் பேர்ட் ஃப்ளையிங்'. மூணுக்கும் நடுவுல மூணரை வருஷம்தான் இடைவெளி. நாலாவது புள்ளி எங்கே விழும்னு நீங்களே வரைஞ்சு பாருங்க.

அப்புறம், நம்ம பேண்ட் இந்த வருஷமும் கல்ச்சுரல்ஸ்ல வாசிக்கப் போறாங்களாம். அந்த மெதுவான பாட்டை நான் ரெண்டு நிமிஷம்தான் கேட்டேன். மிச்சத்தையும் வாசிக்கச் சொல்லி இந்தத் தடவை கேட்கப் போறேன்.